குழந்தை விட்டால்தானே சாமி கும்பிட!

சென்ற இதழில் வீட்டு வழிபாடு பற்றிச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள். சில கடிதங்கள் பாதி வரியில் நின்று, மறுபடி வேறு பேனாவில் தொடர்கின்றன, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: மனசுக்கு ஒரு பிடிப்பு வேண்டும், அதற்கு நேரமும் இல்லை, வழி சொல்ல ஆளும் இல்லை. அதனால் இந்த மாதம் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்னால் அபிராமி அந்தாதி முழுவதும் சொல்லிவிட்டுத்தான் காலை டிபன் சாப்பிடுவேன். இப்போது மூத்தவளுக்கு 3 வயது, இளையவனுக்கு 8 மாதம். விளக்கேற்ற உட்கார்ந்தால் ஒருவன் அழுகிறான், ஊதுபத்தியைப் பிடுங்க ஒருத்தி ஓடி வருகிறாள். வீட்டில் சொன்னால், ‘பிள்ளையைப் பார்த்துக்கிறதே பூஜைதான், தனியா என்ன பூஜை’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசு ஆறவில்லை. அம்பாள் என்னை விட்டு விலகிவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: விலகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் வீட்டில் சொல்வது பாதி உண்மை, அந்தப் பாதியும் சாதாரணமானதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூத்தொடுத்த பெரியாழ்வார், பாட ஆரம்பித்தபோது தன்னை யசோதையாகவே ஆக்கிக்கொண்டார். தொட்டிலில் போட்டு ‘மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி’ என்று தாலாட்டுகிறார், காது குத்தக் கூப்பிடுகிறார், தலைவாரக் காக்கையைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுகிறார், திருஷ்டி படாமல் காப்பிட அழைக்கிறார். குளிக்கக் கூப்பிடும் பாசுரத்தைப் படித்துப் பாருங்கள். ‘வெண்ணெய் அளைந்த குணுங்கும் விளையாடு புழுதியும்’ என்று தொடங்கும். பிள்ளை மேலெல்லாம் வெண்ணெய் வாடை, அதன் மேல் விளையாடின புழுதி, இதோடு இன்று ராத்திரி உன்னைப் படுக்க விடமாட்டேன், எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன், குளிக்க வா என்று கெஞ்சுகிறாள் அம்மா. அதே மூச்சில் அவனை யாருக்கும் எளிதில் கிட்டாத பிரானே, நாரணா என்றும் கூப்பிடுகிறாள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் சேர்ந்து, கோயிலில் பெருமாள் முன்னால் நின்று ஓதப்படுகிற பாசுரம் இது. நீங்கள் தினமும் சாயங்காலம் செய்கிற வேலைதான் அதில் இருக்கிறது.

சரி, மீதிப் பாதி? அந்த வார்த்தையை யார், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘நீ போய் விளக்கேத்திட்டு வாம்மா’ என்பவர் சொன்னால் அது ஆறுதல். சோபாவில் போனைப் பார்த்தபடி ஒருவர் சொன்னால் உங்கள் வாயை அடைப்பதற்குச் சொல்கிறார் என்றே அர்த்தம், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை வளர்ப்பது தவம் என்று மேடையில் பேசுகிற யாரும் அந்தத் தவத்தில் ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொள்ள முன்வருவதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. நீங்கள் இரண்டு பேருக்கு அம்மா ஆவதற்கு முன்பே அபிராமிக்குப் பிள்ளை. அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று தோன்றுவது நியாயமான ஆசை, அதில் சுயநலம் எதுவும் இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். முழு அந்தாதியையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கத்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். அந்தாதியின் அமைப்பே உங்களுக்காகச் செய்த மாதிரி இருக்கிறது. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதிலேயே அடுத்தது பிறக்கும். முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடிந்தால், மறுநாள் ‘துணையும் தொழும் தெய்வமும் பெற்ற தாயும்’ என்று எடுக்கலாம். நேற்று எங்கே விட்டோம் என்று புத்தகத்தைத் தேட வேண்டாம், கடைசிச் சொல் நாவில் இருந்தால் அடுத்தது தானே வரும். நூறாவது பாட்டு ‘உதிக்கின்றனவே’ என்று முடியும், அங்கிருந்து மறுபடி ‘உதிக்கின்ற செங்கதிர்’. இப்படியே போனால் 100 நாளில் ஒரு சுற்று. நடுவில் ஜுரம், தடுப்பூசி, ஊர்ப்பயணம் என்று நாலைந்து நாள் விட்டுப்போனாலும் எண்ணிக்கை கெட்டுவிட்டதே என்று தவிக்காதீர்கள், விட்ட சொல்லிலிருந்து தொடருங்கள்.

அன்றைய பாட்டைக் காலையில் பால் காய்கிறபோது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பாட்டில் கழுவும்போது, துணி மடிக்கும்போது, சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டும்போது அதே நாலு வரி. உட்கார்ந்து நூறு பாட்டையும் வேகமாகச் சொல்லி முடித்த காலத்தில் எத்தனை பாட்டின் பொருளை நின்று பார்த்திருப்போம்? ஒரே பாட்டோடு ஒரு நாள் முழுக்கப் பழகுவதில் அந்த லாபம் உண்டு. அப்புறம், சாயங்காலம் விளக்கேற்றுகிற 10 நிமிஷம் இரண்டு பிள்ளைகளும் அப்பாவிடம். இதைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கும் சாமி கும்பிட்ட புண்ணியம் உண்டு என்று சொல்லியே கேளுங்கள். ஊதுபத்தி மட்டும் இன்னும் ஓரிரு வருஷத்துக்கு வேண்டாம், மூத்தவளிடம் மணியைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. 40 நாள் முடிகிறவரை சாமி பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாமல் குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது. சொன்னால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒன்றும் ஆகாது. நிம்மதியாகச் சொல்லுங்கள்.

பூஜை அறைக்குப் போகாமல் இருப்பது, கோயிலுக்குப் போகாமல் இருப்பது இதெல்லாம் வீட்டு வழக்கம். உங்கள் மாமியார் அப்படி வளர்ந்தவர், அந்த மட்டில் விட்டுக்கொடுத்துவிடலாம், பிள்ளை பெற்ற உடம்புக்கு எந்த வேலைக்கும் எழுந்திருக்காமல் படுத்திருப்பது நல்லதும்கூட. ஆனால் மனசுக்குள் கூப்பிடுவதை யாரும் தடுக்க முடியாது, பெரியவர்களும் தடுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார். சரணாகதி செய்ய இந்த இடம், இந்த நேரம், இந்த முறை, இன்னார்தான் என்று எந்த நியமமும் இல்லை என்கிறார். அதற்கு அவர் காட்டுகிற சாட்சி திரௌபதி. துச்சாதனன் சபைக்கு இழுத்து வந்தபோது அவள் மாதவிலக்கில், ஒற்றை ஆடையோடு இருந்தாள் என்பது பாரதக் கதை. குளித்துவிட்டா அவள் சரணடைந்தாள் என்று கேட்கிறார் ஆசாரியர். ஆசாரத்தில் ஊறிய ஒரு பெரியவர் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி இது. மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல், ஆசாரியர் இப்படிச் சொல்லியிருக்கிறாராம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசவத்துக்கு உதவ பூம்புகாரிலிருந்து கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்கிறவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார் என்பது தலபுராணம். அந்தப் பெயரில்தான் இன்றும் அங்கே சுவாமி இருக்கிறார். பிரசவ அறைக்குள் தானே நுழைந்து வேலை பார்த்த தெய்வத்துக்கு உங்கள் அறையில் என்ன தீட்டு இருக்கிறது? ராத்திரி குழந்தை எழுந்தால் ‘தாயுமானவா’ என்று கூப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு 2 மாதம். எதிலும் ஒட்டுதல் இல்லை. குழந்தையைப் பார்த்தால்கூட ஒன்றும் தோன்றவில்லை, அழுகை மட்டும் வருகிறது. சில நேரம் நான் இல்லாமல் போனால் இவளுக்கு நல்லது என்று நினைக்கிறேன். முன்பு பிரார்த்தனை செய்தால் மனசு இளகும், இப்போது கல் மாதிரி இருக்கிறது. போன ஜென்மத்துப் பாவமா, என்ன ஸ்லோகம் சொல்லலாம்? (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: கண்ணே, இதற்கு நான் ஸ்லோகம் சொல்லப்போவதில்லை. இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் மனநல மருத்துவரையே பாருங்கள்.

குழந்தை பிறந்த முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அதிலும் ‘நான் இல்லாமல் போனால்’ என்ற நினைப்பு வந்தால், அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய், வைத்தியத்தில் சரியாகிற நோய். பாவமும் இல்லை, பக்திக் குறைவும் இல்லை, நீங்கள் கெட்ட அம்மாவும் இல்லை. பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற சிகிச்சையும் இருக்கிறது, அதனால் பால் கொடுக்கிறேனே என்று தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இரவிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். இந்தப் பக்கத்தை மடித்து உங்கள் கணவரிடமோ அம்மாவிடமோ கொடுத்து, ‘இது நான்தான் எழுதினேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லிய பிறகு தனியாக இருக்காதீர்கள், யாராவது கூடவே இருக்கட்டும். சாமி எங்கும் போகாது, உடம்பு தேறின பிறகு பேசிக்கொள்ளலாம். உங்களுக்காக நான் வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண் இப்படிப் பேசினால் கண்ணேறு கழிப்பதோடும் தாயத்து கட்டுவதோடும் நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும் அம்மா நான். பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரம்தான் எனக்கு ஆன்மிகத்துக்கு. யூடியூபில் ஒருவர் இந்த மந்திரம் சொல்லுங்கள் என்கிறார், இன்னொருவர் தீட்சை இல்லாமல் சொன்னால் குடும்பத்துக்கு ஆபத்து என்கிறார். வாட்ஸ்அப்பில் 11 பேருக்கு அனுப்பாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று வருகிறது, அனுப்பாமல் இருக்கவும் பயம். எனக்கு ஒரு குரு வேண்டும். எப்படித் தேடுவது? (வாசகி, கோவை)

பதில்: வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள், அனுப்பியவர் அத்தையாக இருந்தாலும் சரி. பிள்ளையைச் சொல்லி மிரட்டுகிற எதற்கும் கடவுளோடு சம்பந்தம் கிடையாது. ஒரு தாயிடம் எங்கே தொட்டால் பயப்படுவாள் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது, அங்கேயே தொடுகிறார்கள். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களும் அந்த இடத்தைத்தான் தொடுவார்கள்.

மந்திர விஷயத்தில் ஒரு எளிய எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பீஜாட்சரங்கள் என்கிற மந்திர வித்தெழுத்துகள், அம்பாள் உபாசனையான ஸ்ரீவித்யை மாதிரியானவை குருவிடம் நேரில் பெற வேண்டியவை என்பது சம்பிரதாயம், அதனால் அவற்றை விட்டுவிடலாம். தேவாரமும் திருவாசகமும் திருப்புகழும் பிரபந்தமும் பாட யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு பச்சைக் குழந்தையின் தாய்க்கு இதிலேயே ஓர் ஆயுளுக்குப் போதுமானது இருக்கிறது. பஸ்ஸில் ஐந்து பேச்சாளர்களை மாற்றி மாற்றிக் கேட்பதைவிட, ஒரே ஒரு நூலை எடுத்துக்கொண்டு ஒருவர் சொல்லும் விளக்கத்தைத் தொடர்ந்து கேளுங்கள். திருப்பாவை 30 பாசுரம், திருவெம்பாவை 20 பாட்டு, மார்கழிக்குத்தான் என்று இல்லை, வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டாலும் ஒரு வருஷத்துக்குள் இரண்டும் முடியும்.

குருவைப் பற்றிக் கேட்டீர்கள். தேடி அலையும் நிலையில் நீங்கள் இப்போது இல்லை, அதனால் அருகில் பாருங்கள். பெரிய சிவன் கோயிலாக இருந்தால் ஓதுவார் இருப்பார். பூஜை முடிந்த பிறகு, ஐயா, இந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவது என்று கேட்டால் சொல்லித்தராத ஓதுவாரை நான் பார்த்ததில்லை, கேட்க ஆள் வருகிறதே என்று அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். தெருவில் திருப்புகழ் பாடுகிற மாமிகள், பௌர்ணமி திருவிளக்கு பூஜையை நடத்துகிற அக்கா, நாலு பிள்ளை வளர்த்தும் கலங்காமல் இருக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி, இவர்களிடம் போய் உட்காருங்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டே கடவுளைப் பிடித்துக்கொண்ட ஒருத்தி சொல்வது, குடும்பமே அறியாத ஒருவர் சொல்வதைவிட இந்த வயதில் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

துறவிகளை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ரமண மகரிஷி 16 வயதில் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர். கடைசிக் காலத்தில் அவருடைய அம்மா அழகம்மாள் அங்கேயே வந்து தங்கி, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் சமைக்க ஆரம்பித்தார். 1922இல் அவர் உயிர் பிரிகிறபோது மகன் கைவைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமாதியின் மேல்தான் ரமணாசிரமத்தில் மாத்ருபூதேசுவரர் சன்னிதி இருக்கிறது. பின்னாளில் ரமணர் விடியற்காலையிலேயே அடுக்களைக்கு வந்து காய் நறுக்குவார், அங்கே வேலை செய்த பெண்களுக்குச் சமையலோடு சேர்த்தே எத்தனையோ விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நல்ல குரு என்றால் நீங்கள் நிற்கிற இடத்துக்கு அவர் வருவார். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்காமலே விடிய 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தியானம் செய் என்று கைக்குழந்தைக்காரியிடம் சொல்கிறவரை, அவர் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும், தள்ளியே வையுங்கள். கணவருக்குத் தெரியாமல் வா, பிள்ளையை விட்டுவிட்டு வா என்றால் அங்கே திரும்பிப் போகவே வேண்டாம்.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் ஜெபமாலையைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறேன். ஜெபமாலையின் மூன்றாவது பகுதியான மூன்றாவது தேவ ரகசியம் தாண்டியதே இல்லை. மாமியார் முகம் சுளிக்கிறார். இது பாவமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பாவமா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவரும் சிரித்துக்கொண்டே இல்லை என்றுதான் சொல்வார். உங்கள் திருச்சபை வேதபாரகர், அதாவது பெரிய ஆசிரியர், என்று மதிக்கிற குழந்தை இயேசுவின் தெரேசா, ஜெப நேரத்தில் தூங்கிவிடுவதைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே மாதிரிதான் பிரியம் என்று அவருக்கு அதில் ஒரு சமாதானம். அந்தத் தெரேசாவின் அம்மா செலி மார்ட்டின் பிரான்சில் லேஸ் பின்னும் தொழிலைத் தானே நடத்தினவர். 9 பிள்ளைகள் பெற்று, 4 பேரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். அவரையும் அவர் கணவரையும் சேர்த்தே 2015இல் புனிதர்களாக அறிவித்தார்கள். கடையும் கணக்கும் காய்ச்சல்காரப் பிள்ளையுமாகத்தான் அவர் நாள் போயிருக்கிறது. நீங்கள் அவரிடம் வேண்டிக்கொள்ளலாம். இரவு ஜெபத்தில் ஜெபமாலையின் பத்து மணிகளை மட்டும் உருட்டி விழிப்போடு சொல்லுங்கள், மீதியை மாமியார் சொல்லட்டும். முடிந்தால் குடும்ப ஜெபத்தையே குழந்தைகள் சாப்பிடுவதற்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: மூன்று சின்னப் பிள்ளைகள். தொழுகையில் நின்றால் ஒருவன் முதுகில் ஏறுகிறான், ஒருத்தி முக்காட்டை இழுக்கிறாள். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறேன், அமல் (நற்செயல்) எதுவும் சேர்த்த மாதிரி இல்லை. வேறு மதத்தவரான உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்கிறேன். (வாசகி, காயல்பட்டினம்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். மார்க்கச் சட்டத்தை மார்க்கம் படித்த உங்கள் ஆலிமாவிடம்தான் கேட்க வேண்டும், உங்கள் ஊரில் பெண்கள் தொழவும் ஓதவும் அவர்களுக்கென்றே தைக்காக்கள் இருப்பதால் அதற்குக் குறைவில்லை. நான் படித்து நெகிழ்ந்த இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். நபிகள் நாயகம் தொழுகை நடத்தும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வாராம். பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதிருக்கிறார், நெற்றி தரையில் பட வணங்கும் ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொள்வார். இரண்டும் ஹதீஸில் இருக்கிறது. முதுகில் ஏறுகிற மகனை நினைத்து நீங்கள் இனி வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று, ஓடிக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜராவின் ஞாபகம்தான் வந்தது. ஆளில்லாத பாலையில், தாகத்தால் துடிக்கிற குழந்தை இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவில் 7 தடவை ஓடினார். அப்போது அவர் தனியாக எந்த வணக்கத்திலும் நிற்கவில்லை, அல்லாஹ் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கையோடு பிள்ளைக்குத் தண்ணீர் தேடினார், அவ்வளவுதான். இன்றைக்கு ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஒவ்வொருவரும், அரசனாக இருந்தாலும் அறிஞனாக இருந்தாலும், அந்தத் தாய் நடந்த அதே தடத்தில் 7 தடவை நடந்தால்தான் அவர்கள் கடமை முடிகிறது. உலகத்திலேயே ஒரு தாயின் ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கேயும் செய்யப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஓட்டத்தின் நடுவில் ஒரு ‘யா அல்லாஹ்’ போதும் என்று நினைக்கிறேன். விடியற்காலை ஃபஜ்ரு தொழுகை நேரத்திலாவது பிள்ளைகளை உங்கள் கணவர் பார்த்துக்கொண்டால் ஒரு தொழுகையாவது அமைதியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். கோயிலில் மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். போன பிரதோஷத்தில் ஒருவர், ‘இதையெல்லாம் ஏம்மா கூட்டிட்டு வர்றீங்க’ என்றார். அதிலிருந்து நான் கோயிலுக்கே போகவில்லை. (வாசகி, ஆவடி)

பதில்: ‘இதையெல்லாம்’ என்றாரா? அந்த வார்த்தைக்காக அவர் சார்பில் இல்லை, கோயிலுக்குப் போகிற எங்கள் எல்லோர் சார்பிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சீர்காழிக் கோயில் குளக்கரையில் 3 வயதுப் பிள்ளை ‘அம்மே அப்பா’ என்று கத்தி அழுதது. யாரும் வந்து வாயை மூடச் சொன்னதாகச் சேக்கிழார் பாடவில்லை, அம்பாள் வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளைதான் ஞானசம்பந்தர். கோயில் அழுகிற பிள்ளைக்கும் உரியது, அதில் சந்தேகமே வேண்டாம்.

அவனுக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரதோஷம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், உற்சவ நாள் இவை வேண்டாம். சாதாரண செவ்வாய், புதன்களில் காலை பத்து பத்தரைக்கு மேல், உச்சிகால பூஜை தொடங்குவதற்கு முன்னால் கோயில் காலியாக இருக்கும். அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ எப்போது மேளம், மணி இருக்காது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சில கோயில்களில் மோட்டார் வைத்த முரசு இருக்கிறது, அதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை. சத்தம் குறைக்கிற ஹெட்போன் போட்டு அழைத்துப் போகலாம், அதில் அபசாரம் எதுவும் இல்லை. முதல் சில தடவை உள்ளே போகாமல் வெளிப்பிரகாரத்தில் மட்டும் சுற்றிவிட்டு வாருங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருநின்றவூர் இருக்கிறது. பூசலார் நாயனார் கோயில் கட்டக் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டினாரே, அந்த ஊர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலின் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, சிவன் பூசலாரின் கோயிலுக்குத்தான் முதலில் போனார் என்கிறது பெரியபுராணம். இருதயாலீசுவரர் என்று அங்கே சுவாமிக்குப் பெயர். கூட்டமில்லாத ஒரு நாளில் மகனோடு போய் வாருங்கள். போக முடியாத நாட்களில், அவன் தூங்கின பிறகு, பூசலார் செய்த மாதிரியே நீங்களும் செய்யலாம். திருமூலர் இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இன்சொல் என்று யாராலும் முடிகிறதைத்தான் கேட்கிறார். அந்த இன்சொல்லை உங்களிடம் சொல்லாமல் போன மனிதரைவிட, தினமும் மகனிடம் பொறுமையாகப் பேசுகிற நீங்கள் அதை நன்றாகச் செய்து வருகிறீர்கள்.

கேள்வி: நான் மாமியார். பேரன் பிறந்ததிலிருந்து மருமகள் விளக்கேற்றுவதையே விட்டுவிட்டாள், சொன்னால் எரிந்து விழுகிறாள். அவளுக்குப் பக்தி வர என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அவளுக்குப் பக்தி போகவில்லை, தூக்கம் போயிருக்கிறது. விளக்கை இப்போதைக்கு நீங்களே ஏற்றுங்கள், அதை அவளிடம் சொல்லிக் காட்டாமல். சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கோ போய் ஒரு முக்கால் மணி நேரம் கழித்து வாருங்கள். அந்த நேரத்தில் அவள் தூங்கினாளா, குளித்தாளா, சாமி கும்பிட்டாளா என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாளில் அவளாகவே பூஜை அறைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம், அதற்காகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு உதவியும் உங்களால்தான் முடியும். ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து குழந்தையைப் பார்க்கும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவள் சொன்னால் சண்டையாகிவிடும், நீங்கள் சொன்னால் கேட்பார்.